அயல்நாட்டுப் பழங்காசுகள்: விலையும் மதிப்பும்

பழங்காசு ஒன்று கைக்கு வந்ததும் எவரும் முதலில் கேட்பது, "இது என்ன விலை போகும்?" என்பதே. "இது எந்த நாட்டுக் காசு? எவர் வெளியிட்டது? எங்கே கிடைத்தது? எதனோடு சேர்ந்து கிடைத்தது?" என்னும் வினாக்கள் பிறகே எழுகின்றன, பலரிடத்தில் எழுவதே இல்லை. வினாக்களின் இந்த வரிசை தலைகீழானது என்பது நம் கருத்து. இனங்காணாத காசுக்கு எவரும் நேர்மையாக விலை கூற இயலாது. கிடைத்த இடம் தெரியாத காசுக்கு விலை கிடைக்கலாம். ஆனால் வரலாற்றுச் சான்று என்னும் நிலையில் அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது. விலை வேறு, மதிப்பு வேறு. இவ்வேறுபாட்டை மற்றெவரையும்விடக் கொங்கு நாட்டார் உணர்ந்திருத்தல் வேண்டும். ஏனெனில் இந்தியாவில் யவனர் காசுகள் செறிந்து கிடைத்த நிலப்பகுதிகளுள் முதன்மையானது நம் கொங்கு மண்ணே.

கொங்கு மண்ணில் யவனர் காசு

கோவை நகரை ஒட்டி, நொய்யல் கரையில் அமைந்த வெள்ளலூரில் 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளில் உரோமானியக் காசுப் புதையல்கள் வெளிப்பட்டன. 1842இல் கிடைத்த மட்கலத்தில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. உடுமலை வட்டத்துப் பூதிநத்தத்தில் கிடைத்தவை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. கருவூரில் 1878இல் வெள்ளிக் காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்நாடு புகுந்த வணிகர்க்குக் கொங்கு நாடே முதல் நிலம். பதிற்றுப்பத்து கொடுமணம் எனச் சுட்டும் ஊர் இன்றைய கொடுமணல் என்பர். அங்கே தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழாய்வுகள், மணிகளை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய தொழிற்கூடங்களை வெளிக்கொணர்ந்தன. படியூரின் பச்சைக் கல்லும் நம் நாட்டின் பிற பொருள்களும் மேற்கே சென்றன. வெள்ளியும் பொன்னும் கிழக்கே வந்தன. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் அளவுக்குத் தம் நாட்டுச் செல்வத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி குறைபட்டார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு டெனாரியஸ் வெள்ளிக் காசுக்கு ஈடு. ஆகவே அவர் கூறிய தொகை 1 கோடியே 25 இலட்சம் வெள்ளிக் காசுகளாகிறது.

இங்கு ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாக நோக்குவது தகும். 1800ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன், பொள்ளாச்சிப் பக்கத்தில் உரோமானிய வெள்ளிக் காசுகள் நிறைந்த பானை ஒன்று அண்மையில் தோண்டி எடுக்கப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். அவற்றுள் ஆறு காசுகளை ஆட்சி அலுவலரான ஹர்டிஸ் அவருக்கு வழங்கினார். புக்கானன் அவற்றை நிறுத்துப் பார்த்தார். அகஸ்டஸ் காசு, டைபீரியஸ் காசு என இருவகையாக இருப்பினும் ஒவ்வொன்றும் 56 கிரெயின் நிறையே இருந்தது. இன்றைய அளவில் ஏறத்தாழ 3.63 கிராம். பானையில் இருந்தவற்றை அவர் 'மிகப் பல' என்ற அளவிலேயே குறிக்கிறார்.

அந்த ஆறு காசுகளின் நிறை நமக்குச் சொல்லும் செய்தி பெரிது. கி.பி. 64ஐ ஒட்டி நீரோ மன்னன் வெள்ளிக் காசின் நிறையைக் குறைத்தான். ஓர் உரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசு அடித்த வழக்கம் மாறி 96 காசு அடிக்கப்பட்டது. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் மிகுந்தும் நீரோவின் சீர்திருத்தத்திற்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் அருகியும் காணப்படுவதற்கு இதனை ஒரு காரணமாக அறிஞர் காட்டுவர். நம் முன்னோர் காசின் முகத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் அல்லர்; நிறையும் மாற்றும் அறிந்து வாங்கியவர் என்பது இதனால் புலனாகிறது. ஆறு காசுகளைத் தராசில் இட்டதன் பயன் இவ்வளவு என்றால், அப்பானை முழுவதையும் எண்ணி எழுதி வைத்திருந்தால் எவ்வளவு அறிந்திருப்போம்!

கருவூர் தரும் பாடம்

கருவூர் அமராவதி ஆற்றுப் படுகையில் மணலைச் சலித்தோர்க்குக் கிடைத்த சின்னஞ்சிறு செப்புக் காசுகள் நெடுங்காலம் எவராலும் பொருட்படுத்தப்படவில்லை. தேய்ந்து, களிம்பேறி, விரல் நுனி அளவே உள்ள அவற்றுக்குப் பழைய செம்பின் விலையே மிகுதி எனக் கருதப்பட்டது. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை அரிதின் திரட்டி ஆராய்ந்தார். பிற்கால உரோமானியச் செப்புக் காசுகள் பற்றி 1994இலும், கருவூரில் கிடைத்த உரோமானியம் அல்லாத பண்டை அயல்நாட்டுக் காசுகள் பற்றி 2000த்திலும் அவர் நூல்கள் வெளிவந்தன. கிரேக்க, பினீசிய, செலூசிய நாட்டுக் காசுகளும் கருவூர் வரை வந்துள்ளமை அவற்றால் தெரியவந்தது. உரோமானியக் காசைப் போன்றே மன்னன் தலையுருவம் பொறித்து, மேலே தமிழ் எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயரைத் தாங்கிய சேரர் வெள்ளிக் காசும் கருவூர் தந்ததே. உருக்கினால் ஒரு தேக்கரண்டிச் செம்பும் தேறாத காசுகள், ஒரு நகரின் கடல் வாணிகத்தை மெய்ப்பித்தன. விலைக்கும் மதிப்புக்கும் உள்ள தொலைவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

இனங்காணும் நெறி

யவனர் காசு எல்லார் கைக்கும் வருவதன்று. ஆனால் பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, இரங்கூன் எனப் பொருள் தேடிச் சென்றவர்களும், பின்னாளில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களும் கொண்டுவந்த காசுகள் நம் இல்லங்கள் பலவற்றில் தகர டப்பாக்களில் உறங்குகின்றன. அவற்றை இனங்காண்பதற்குப் பெரும்புலமை வேண்டா. பொறுமையும் ஒழுங்கும் போதும்.

முதலில் உலோகம், நிறை, விட்டம், வடிவம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து எழுத்து. உரோமானியக் காசில் உள்ளவை இலத்தீன் எழுத்துகள். ஆங்கிலம் அறிந்த மாணவர் எவரும் கூட்டிப் படிக்கலாம். 'யு' வரவேண்டிய இடத்தில் 'வி' இருக்கும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு பக்கம் அகஸ்டஸின் தலையும், மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் நடுவில் வைத்து நிற்கும் இரண்டு இளைஞர்களும் இருப்பின், அவ்விளைஞர்கள் அவன் தன் மக்களாக ஏற்றுக்கொண்ட பெயரர்களான கேயஸ், லூசியஸ் ஆவர். மறுபக்கத்தில் இருக்கையில் அமர்ந்த பெண்ணும், தலைமைக் குரு என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களும் இருப்பின் அது டைபீரியஸ் காசு. கொங்கு நாட்டில் மிகுதியாகக் கிடைத்தவை இவ்விரு வகைகளே.

அரபு எழுத்துடைய காசுகளில் ஆண்டைப் படிப்பதில் பலர் இடறுகின்றனர். அங்கே புள்ளிதான் சுழியம். வட்டமாக இருப்பது ஐந்து. 'வி' போன்றது ஏழு. அதைக் கவிழ்த்தாற் போன்றது எட்டு. நாம் எழுதும் ஏழைப் போல் தோன்றுவது ஆறு. அவ்வாண்டு பெரும்பாலும் ஹிஜ்ரி ஆண்டாக இருக்கும். அதனை 0.97 ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். 1354 என்று பொறித்த சவூதி வெள்ளி ரியால் 1935ஆம் ஆண்டினது. துருக்கி உதுமானியக் காசுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. அவற்றில் காணும் பெரிய ஆண்டெண் சுல்தான் அரியணை ஏறிய ஆண்டே. காசு அடித்த ஆண்டு அன்று. இரண்டாம் அப்துல் ஹமீதின் காசில் 1293 என்றும் தனியே 33 என்றும் இருந்தால், அது 1876இல் அடித்ததன்று. அவருடைய ஆட்சியின் 33ஆம் ஆண்டில், அதாவது 1907ஐ ஒட்டி அடித்ததாகும். 1799 வரை கொங்கு மண்ணை ஆண்ட மைசூரின் திப்பு சுல்தான் காசுகளிலோ, மவுலூதி ஆண்டின் எண்கள் வலமிருந்து இடமாகவே படிக்கப்பட வேண்டியவை.

ஆண்டெண்ணை நம்பி ஏமாறுவதற்கு மற்றொரு சான்று மரியா தெரசா தாலர். ஆஸ்திரிய அரசியின் உருவம் பொறித்த அப்பெரிய வெள்ளிக் காசு அரபு நாட்டிலும் அபிசீனியாவிலும் வணிகச் செலாவணியாக வழங்கியது. 1780இல் அவ்வரசி மறைந்த பின்னும் அதே ஆண்டைப் பொறித்துப் பல நாட்டு அக்கசாலைகள் அதனை அடித்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் பம்பாய் அக்கசாலையும் அடித்தது. ஆகவே 1780 என்று கண்டவுடன் இருநூற்று நாற்பது ஆண்டுப் பழமை என்று துணிதல் பிழை.

நிறையில் நிற்கும் நேர்மை

காசின் உண்மை அதன் நிறையில் இருக்கிறது என்பதைக் காட்டும் செய்தி ஒன்றைப் பிளினியே தருகிறார். உரோமானியர் ஒருவரின் பணியாள் கடற்காற்றில் சிக்கி இலங்கைக் கரையை அடைந்தாராம். அவரிடமிருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு மன்னர் உருவங்கள் இருந்தும் நிறை ஒன்றாகவே இருந்தது கண்டு, அந்நாட்டரசர் உரோமானியரின் நேர்மையை வியந்தார் என்கிறார். அயல்நாட்டுக் காசை மதிப்பிட்ட ஆசிய அரசர் ஒருவரின் அளவுகோல் இது.

டெனாரியஸ் என்ற சொல்லே அரபில் தீனார் ஆயிற்று. கிரேக்கரின் திராக்மா திர்ஹம் ஆயிற்று. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696-97இல், உருவங்களை நீக்கி எழுத்துகள் மட்டும் கொண்ட தீனாரை வெளியிட்டார். அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள அக்காசுகளை நிறுத்துப் பார்த்தே ஒரு தீனார் 4.25 கிராம் எனவும், ஸகாத்துக்குரிய 20 தீனார் 85 கிராம் பொன் எனவும் இக்கால அறிஞர் பலர் கணக்கிட்டனர். அக்காசுகள் முழுவதும் உருக்கப்பட்டிருந்தால் இத்தெளிவு கிட்டியிருக்குமா?

நம் இல்லங்களின் நிலையும் இதுவே. பொன்னை நாம் பவுன் என்கிறோம், சவரன் என்கிறோம். இரண்டும் ஆங்கில நாட்டுப் பொற்காசின் பெயர்களே. 1899 முதல் அது 15 ரூபாய்க்கு ஈடாக இந்நாட்டிலும் செல்லுபடியாயிற்று. அதன் நிறை 7.988 கிராம், 22 காரட், அதில் தூய பொன் 7.32 கிராம். அதனாலேயே பவுன் இன்று 8 கிராம் என நின்றது. மணமகளின் நகையையும் மஹரையும் பவுன் கணக்கில் சொல்லும் ஒவ்வொரு குடும்பமும் ஓர் அயல்நாட்டுக் காசின் பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறது. பாட்டியார் அணிந்த காசுமாலையில் அக்காசுகள் இருப்பின் ஆண்டெண்ணின் அருகே உருப்பெருக்கி கொண்டு பார்த்தல் நன்று. எஸ் என்றிருப்பின் சிட்னி, எம் என்றிருப்பின் மெல்போர்ன், பி என்றிருப்பின் பெர்த். 1918ஆம் ஆண்டுடன் ஐ என்றிருப்பின் அது இலண்டனில் பிறந்ததன்று, பம்பாயில் பிறந்தது. கோவையின் நகைப் பட்டறைகளில் இவ்வேறுபாடு பாராமல் உருகிப்போனவற்றை இனி எவர் எண்ணிச் சொல்வது?

விலை அமையும் வகை

பழமை மிகுந்தால் விலை மிகும் என்பது பரவலான தவறான எண்ணம். உலோகத்தின் விலை, எஞ்சியுள்ளவற்றின் எண்ணிக்கை, காசின் நிலை, விரும்புவோர் தொகை ஆகிய நான்குமே விலையை முடிவு செய்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய பிற்கால உரோமானியச் செப்புக் காசு எளிய விலைக்கே போகலாம். நூறாண்டும் நிரம்பாத வேறொரு காசு, குறைவாக அடிக்கப்பட்ட காரணத்தால் அதனினும் பன்மடங்கு விலை பெறலாம். டைபீரியஸ் வெள்ளிக் காசு மிகுதியாகக் கிடைப்பினும், விவிலியத்தில் கூறப்படும் வரிக்காசு அதுவே எனக் கருதப்படுவதால் மேலைநாட்டார் விரும்பி வாங்குகின்றனர். பித்தளைக் குடத்தைத் துலக்குவது போல் காசைப் புளியிட்டுத் தேய்ப்பதும், மெருகு ஏற்றுவதும் அதன் விலையையும் கெடுக்கும், சான்றையும் அழிக்கும்.

துளையும் வெட்டும் உடைய காசைத் தாழ்ந்தது என்று ஒதுக்குவர் வணிகர். வரலாற்று மாணவருக்கோ துளையே செய்தி. அயல்நாட்டுக் காசு இங்கே அணியானதை அது உரைக்கிறது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் மீது உளி வெட்டு உள்ளது. அக்காசுகளைச் செலாவணியிலிருந்து நீக்குதற்கு இட்ட குறி என்பர் சிலர். வெட்டுப்பட்டவை எனக் கழித்திருந்தால் அக்கேள்வியே எழுந்திராது.

போலிகளும் பல. அச்சில் வார்த்த போலியின் விளிம்பில் இணைப்புக் கோடும் பரப்பில் நுண்குழிகளும் தோன்றும், நிறையும் ஒவ்வாது. 1818 என்னும் ஆண்டும் தெய்வ உருவமும் கம்பெனி பெயரும் பொறித்த செப்புக் காசுகள் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்பது வெறும் புரட்டு. பழங்காசுக்குப் பெருந்தொகை தருவதாகக் கூறி முன்பணம் கேட்கும் கைப்பேசி விளம்பரங்கள் பெருகவே, அத்தகையோரிடம் ஏமாற வேண்டா என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. அறியாமையும் ஆசையும் சேருமிடத்தில் ஏமாற்றம் மூன்றாவதாக வந்து அமரும்.

சட்டமும் அதன் குறையும்

வழிவழியாக வீட்டில் இருந்துவரும் காசு புதையல் ஆகாது. மண்ணிலிருந்து எடுத்ததே புதையல். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழி அறிவித்தல் கடமை. மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது.

இவை வேண்டிய சட்டங்களே. ஆயினும் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் காணும் குறை ஒன்றுண்டு. புதையலை அரசு எடுத்துக்கொள்ளும்போது தரும் ஈடு, பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. செப்புக் காசுப் பானை ஒன்றைக் கண்டெடுத்த உழவர் முறைப்படி ஒப்படைத்தால் பழைய செம்பு விலைக்குச் சற்று மேலாகவே பெறுவார். காசின் மதிப்பு உலோகத்தில் இல்லை என்று நாம் மேடையில் முழங்குகிறோம். சட்டமோ உலோகத்தையே எடைபோடுகிறது. இந்நிலையில் உழவர் பழைய உலோகக் கடையை நாடினால், பழியை அவர்மேல் மட்டும் சுமத்துதல் முறையாகுமா?

உரிய விலை கொடுத்தால் பணத்துக்காக ஊரெங்கும் தோண்டத் தொடங்கிவிடுவர் என்று சிலர் அஞ்சுவர். அச்சம் பொருளற்றதன்று. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், அருங்காட்சியகம் ஏற்கும் புதையலுக்குச் சந்தை மதிப்பை வல்லுநர் குழுவைக் கொண்டு கணித்து வழங்குகிறது. முறைகேடாக நடந்தவரின் பரிசைக் குறைக்கவும் செய்கிறது. நாமும் அவ்வாறே, கலைக்காமல், கிடைத்த இடத்திலேயே அறிவித்தவருக்குத் தக்க பரிசும், தோண்டிக் கலைத்தவருக்குக் குறைந்த ஈடும் என வகுக்கலாம். நேர்மை இழப்பைத் தரக்கூடாது. இதுவே நாம் வேண்டுவது.

நாம் செய்யத் தக்கவை

சட்டம் திருந்தும் வரை காத்திருத்தல் வேண்டா. கல்லூரிகளின் தமிழ்த்துறையும் வரலாற்றுத் துறையும் கூடிக் காசுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கலாம். எவர் காசையும் வாங்க வேண்டியதில்லை. மாணவர் தத்தம் இல்லத்திலும் ஊரிலும் உள்ள காசின் நிறை, விட்டம், இருபக்கப் படம், வந்த வழி ஆகியவற்றை எழுதினால் போதும். "பாட்டனார் 1930களில் பினாங்கிலிருந்து கொணர்ந்த சதுர வடிவ ஒரு சென்டுக் காசு" என்னும் ஒரு வரி, சந்தையில் விலையற்ற அக்காசைக் குடும்பத்தின் வரலாற்று ஆவணமாக்கிவிடும். வயல் உழும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ காசுகள் கிடைத்தால் பானையைக் கலைக்காமல் வருவாய்த் துறையினருக்கும் அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்கும் உடனே அறிவிக்க வேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்கள் எடுத்துச் சொல்லலாம். மாணவர் சொல் ஏறாத இடத்தும் பெரியவர் சொல் ஏறும்.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வழிப்போக்கர் ஒருவர் தராசில் இட்ட ஆறு காசுகளை வைத்தே நாம் இன்று பொள்ளாச்சிப் புதையலைப் பற்றிப் பேசுகிறோம். இம்மண்ணிலே பிறந்து வளர்ந்து, எழுத்தும் எண்ணும் கற்ற நம்மால் அதனினும் மிகுதியாகச் செய்ய இயலாதா? இனிக் காசொன்று கைக்கு வந்தால் முதலில் நிறுப்போம், படிப்போம், கிடைத்த இடத்தை எழுதுவோம். விலையைப் பிறகு கேட்போம்.